சேர்ந்து திருப்ப வேண்டிய பக்கம்

படித்துவிட்டான்.

கூரியர்காரர் மாடிப்படி இறங்குவதற்குள் உறையைக் கிழித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே முழு காமிக்ஸ் இதழையும் படித்து முடித்துவிட்டான். நாற்பது தாண்டிய ஆள். கொஞ்சமாவது பொறுமை வேண்டாமா?

ஆனால் என்ன இதழ்!

போன மாதம் நிழல்வேங்கை யாரையும் அடிக்கவே இல்லை. சக்தியெல்லாம் போய், மொட்டைமாடியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாட்ஸப் குழுவில் ஆளாளுக்குக் குதித்தார்கள். சூப்பர் ஹீரோ என்றால் பறக்க வேண்டாமா, உதைக்க வேண்டாமா என்று. இவனுக்குப் பிடித்திருந்தது. எல்லாம் போன பிறகு ஒருவன் உட்காரத்தானே செய்வான்? ஓவியருக்கு அது தெரிந்திருக்கிறது.

அதற்கு முந்தைய இதழில் வில்லனுக்கு வாய் அதிகம். போகட்டும்.

இதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. பாலத்திலிருந்து நண்பன் விழுகிறான். நிழல்வேங்கை பாய்ந்து அவன் கையைப் பிடித்துவிடுகிறான். பக்கம் முழுக்க இரண்டே கைகள். அப்பாடா என்று திருப்பினால், பிடியில் இருப்பது வெறும் கையுறை. வசனம் ஒரு வரிகூட இல்லை. வரைந்த கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

கண்ணைத் துடைத்த பிறகுதான் மிதுலாவின் ஞாபகம் வந்தது.

பாவி, என்ன காரியம் செய்துவிட்டான்!

மிதுலா அவன் மகள். அம்மாவோடு கோவையில் இருக்கிறாள். இவன் தூத்துக்குடியில். விவாகரத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் போட்டுக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்று. இரண்டு ஊருக்கும் இதழ் வந்து சேரும்வரை உறையைத் தொடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் பேசிக்கொண்டே இருவரும் ஒன்றாகக் கிழிக்க வேண்டும். 'திருப்பலாமா' என்று ஒருவர் கேட்டு, மற்றவர் 'ம்' சொன்னால்தான் பக்கம் திரும்பும்.

மற்ற நாட்களில் 'சாப்டியா', 'சாப்டேன்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பத்தாம் வகுப்பு, டியூஷன், தோழிகள். மகள் அவனுக்கு முழுதாகக் கிடைப்பது இந்த ஒரு காலையில்தான். அதற்கும் வேட்டு வைத்துவிட்டான்.

உண்மையைச் சொன்னால் கோபப்பட மாட்டாள். 'பரவால்லப்பா, இனிமே நானும் தனியாவே படிச்சுக்கிறேன்' என்பாள். அந்தப் 'பரவால்ல'வை நினைத்தாலே அவனுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு. போன் அடித்தது.

"அப்பா, ரெடியா? கிழிக்கப் போறேன்."

"கிழிம்மா, கிழி."

இவனிடம் கிழிக்க உறை ஏது? கையில் அகப்பட்ட கல்யாணப் பத்திரிகையின் கவரை போனுக்குப் பக்கத்தில் வைத்துச் சர்ரென்று கிழித்தான். யார் வீட்டுக் கல்யாணமோ.

ஒவ்வொரு பக்கமாகப் போனார்கள். அவள் சிரித்த இடத்தில் சிரித்தான். அவள் 'அய்யோ' என்ற இடத்தில் இவன் 'அய்யய்யோ' என்றான். இரண்டாம் முறை படிக்கும்போது இதழ் இன்னும் நன்றாக இருந்தது. அவளோடு படிப்பதாலும் இருக்கலாம்.

பாலம் வந்தது. இரண்டு கைகள்.

'திருப்பலாமா' என்று கேட்க வேண்டிய முறை இவனுடையது. கொஞ்சம் தவிக்கட்டுமே என்று வாயைத் திறக்காமல் இருந்தான்.

போனில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பாவம்ப்பா. வெறும் கிளவுஸ்தான் இருக்கு."

அதைச் சொன்ன பிறகுதான் அங்கே தாள் திரும்பியது.

கள்ளி, அவளும் முன்பே படித்துவிட்டாள்! அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவசரமாகத் தன் பக்கத்தைத் திருப்பினான்.

"அடப்பாவமே! ஆமாம்மா!" என்றான், அப்போதுதான் பார்த்தவனைப் போல.