மஸ்கட் வாசகர்

கரண்ட் போனால் யூ.பி.எஸ். பெட்டி ‘கீக்… கீக்…’ என்று கத்துமே, அந்தச் சத்தம் மணிமொழியின் காதில் இன்னும் இருக்கிறது. அது அடங்குவதற்குள் எழுதியதை அனுப்பிவிட்டு எழுந்துவிட வேண்டும்.

2004-ஆம் வருஷம். வேங்கிக்காலில் கலையரசனின் பிரௌசிங் சென்டர். கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை முடிந்ததும் மணிமொழி நேரே அங்கே போவாள். வாரம் ஒரு சின்னக் கதை எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் ஈமெயிலில் மடலாக அனுப்புவாள். ஒரு வருஷமாகியும் வாசகர்கள் நாற்பதைத் தாண்டவில்லை. கார்த்திகை தீபத்துக்குள் கூட்டம் சேராவிட்டால் எழுதுவதையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

ஒரு நாள், வாராவாரம் பதில் எழுதும் மஸ்கட் வாசகரிடமிருந்து ஈமெயில் வந்திருந்தது.

“யாருக்கா, கோதண்டராமனா? இந்த வாரம் இன்னா நொட்டையாம்?” கலையரசன் எட்டிப் பார்த்தான்.

மணிமொழி படித்தாள். “வாக்கியம் நீளம். பாதியில் மூச்சு முட்டுகிறது. ‘ஒரு கிராமம்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள், ஊர் பேர் வேண்டும். போன வாரமும் சாவு, இந்த வாரமும் சாவு. வேண்டாம். மடல் வியாழக்கிழமையே வர வேண்டும். வெள்ளிக்கிழமை வந்தால் எனக்குப் பிரயோஜனம் இல்லை.”

“நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை?”

“இதுவரைக்கும் இல்லப்பா.”

“ஓசில படிக்கிற ஆளுக்கு அதிகாரம் ஜாஸ்திக்கா. ஏ.சி. ரூம்ல குந்திக்கினு பொழுது போவாம எழுதுறாரு. பேரைத் தூக்குங்க.” அவன் மேஜை டிராயரிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தான். “இதுல நாலாயிரம் பேரு ஈமெயில் அட்ரஸ் இருக்குது. மெட்ராஸ்லேர்ந்து வாங்கியாந்தேன். இந்த நாப்பது பேர வச்சிக்கினு எதுக்கு மாரடிக்கிறீங்க?”

“அவங்க யாரும் கேக்கலியே, கலை.”

“தேர் பாக்க வர்றவங்கள யாருக்கா வெத்தல பாக்கு வச்சிக் கூப்ட்டாங்க?”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பெட்டி கத்த ஆரம்பித்தது.

“சீக்கிரம்க்கா!”

யோசிக்க நேரமில்லை. கோதண்டராமனின் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்தாள். ‘என் மடல் உங்களுக்குச் சரிப்படாது’ என்று அவருக்கு ஒரு வரி தட்டிவிட்டாள். “அந்த சி.டி.யையும் போட்டுரு” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

நாலாயிரம் பேருக்கு மடல் போனது. பதில் போட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் “யார் நீ?” என்று கேட்டிருந்தார். இன்னொருவர் கேட்டதை இங்கே எழுத முடியாது.

தீபம் நெருங்கியது. இதுதான் கடைசி மடல் என்று மணிமொழி எழுத உட்கார்ந்தபோது, கையில் பாலிதீன் பையோடு ஒரு ஆள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“மணிமொழி மேடம் நீங்கதானுங்களா? நான் கண்ணாயிரம். அடி அண்ணாமலை. மஸ்கட்ல கொத்து வேல, லீவுல வந்துருக்கேன். வேங்கிக்கால் சென்டர்னு மடல்ல எழுதுவீங்களே, விசாரிச்சினு வந்துட்டேன்.”

மஸ்கட் என்றதும் மணிமொழி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். “கோதண்டராமன் அனுப்பினாரா?”

“அவரு எங்க கேம்ப்பு ஸ்டோர்கீப்பருங்க. கம்ப்யூட்டர் அவருகிட்டதான் இருக்குது. வெள்ளிக்கிழமதானே லீவு? வியாழக்கிழம ராத்திரி சாப்பாடானதும் உங்க கதைய அவரு படிப்பாரு. ஷெட்டு நெறைய ஆளுங்க. தட்டக்கூடக் கழுவாம குந்திக் கேப்போம்.”

“சத்தமாவா படிப்பாரு?”

“தொண்ட கிழிய! மூச்சு வேற வாங்கும் அவருக்கு. நடுவுல நிறுத்தினா பசங்க கத்துவானுங்க. நம்ம ஊரு பேரு வந்துட்டா ஒரே விசிலு. சாவு வந்தாத்தான் கஷ்டம். ஒருத்தனும் பேச மாட்டான், போய்ப் படுத்துப்பான். ஒரு பையன் அவங்கம்மாவுக்கு போன் போட ஓடினான்னா பாத்துக்கோங்க.”

கலையரசன் ஒரு துணியை எடுத்து மௌஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

மணிமொழி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். “மடல் வந்து ஒரு மாசமாச்சே. எல்லாரும் என்மேல கோவமா இருக்காங்களா?”

“கோவமா? நல்லா கேட்டீங்க!” கண்ணாயிரம் பையைக் கவிழ்த்தார். மேஜைமேல் கோடாலித் தைலம் புட்டிகள் உருண்டன. “பசங்க குடுத்தனுப்புனானுங்க. உங்களுக்கு டைபாய்டு, எழுந்து உக்கார முடியலனு கோதண்டம் சார்தான் சொன்னாரு. இப்போ தேவலாங்களா?”

மணிமொழி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. “தேவலாம்ங்க” என்றாள்.

அன்றைக்கே அந்த நாலாயிரம் அட்ரஸையும் கலையரசனிடம் அழிக்கச் சொல்லி, கோதண்டராமனின் பேரை மறுபடி சேர்த்தாள். வியாழக்கிழமை மடல் மஸ்கட்டுக்குப் போனது. எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியங்கள். யாரும் சாகவில்லை.

ஷெட்டில் கதை கேட்டவர்கள் கேம்ப்பு மாறினார்கள், நாடு மாறினார்கள். போன இடத்திலிருந்து “எனக்கும் அனுப்புங்க”, “எங்க ரூம் பையனுக்கும் சேத்து அனுப்புங்க” என்று ஒவ்வொருவராக எழுதினார்கள். மடல் பல வருஷம் நிற்காமல் போனது.

தன் பேரை மணிமொழி எடுத்ததைப் பற்றிக் கோதண்டராமன் கேம்ப்பில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. 2008-ல் ஊர் திரும்பி, கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்தார்.