வெள்ளையாகவே இருந்த சுண்ணாம்பு

மூக்கில் கிளிப். வாயில் ரப்பர்க் குழாய். எதிரே ஸ்டூலில் சாய்த்து வைத்த செல்போனில் ஐந்து நிமிடம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டான்.

இன்றைக்கு அவனுக்குக் கொடுத்த வேலை அதுதான்.

கடலுக்கு அடியில் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் இருந்தவன். இப்போது தூத்துக்குடியில் ஓர் ஓட்டலின் நீச்சல் குளத்துக் கரையில், வாத்து வடிவச் சறுக்கு மரத்துக்குப் பக்கத்தில் இருந்தான். ஆழம் நாலரை அடி. எச்சரிக்கைப் பலகை வேறு வைத்திருந்தார்கள்.

முதுகில் புது ரீப்ரீதர். விட்ட மூச்சையே சுண்ணாம்பில் வடிகட்டி, கொஞ்சம் ஆக்சிஜன் கலந்து, திருப்பிக் கொடுக்கிற யந்திரம். குமிழி வராது. சத்தம் வராது. கடற்பசு மிரளாது.

கடற்பசுக்களை எண்ணுவதுதான் அவன் உத்தியோகம். அலுவலகம் யந்திரத்தை மாற்றிவிட்டது. இதில் சான்றிதழ் வாங்கினால் கடல். இல்லையென்றால் மேசை.

தண்ணீரில் இறங்கும் முன் ஐந்து நிமிடம் இப்படிக் கரையில் மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். வடிகட்டி சரியில்லையென்றால் மூச்சு தானாக வேகமெடுக்கும், முகம் சிவக்கும். எதிரே ஒருவர் கண்ணெடுக்காமல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பார்த்துக்கொண்டிருந்தவள் பயிற்சியாளர் ஜெனிட்டா. இந்த முக்குளிப்புப் பள்ளிக்கு வந்து ஆறு மாதம். அவனைவிடப் பதினைந்து வயது இளையவள்.

அவன் வலது கட்டைவிரலில் அவளுடைய தலைமுடி ரப்பர் பேண்ட்.

பழைய யந்திரத்தில் ஆக்சிஜன் பொத்தான் வலப்பக்கம். இதில் இடப்பக்கம். காலையில் பன்னிரண்டு முறை ‘ஆக்சிஜன்’ என்று சொல்லிப் பார்த்தாள். ஒன்பது முறை வலது கை போனது. கை நல்ல கைதான். பத்து வருஷம் பழக்கியது. ரப்பர் பேண்டை மாட்டிவிட்டு, இவர் லீவுல இருக்கார் சார், கூப்பிடக் கூடாது என்றாள்.

நான்கு நிமிடம்.

விதி அவளுக்கு மனப்பாடம். யந்திரம் மாறினால் எவ்வளவு பெரிய ஆளும் முதலிலிருந்து. பழைய மணிக்கணக்கு செல்லாது.

போன வருஷம் வரைக்கும் இங்கே இந்த விதி கிடையாதாம், கேள்விப்பட்டதைச் சொன்னாள். ஒருத்தர் வகுப்புக்கு வராமலே இதே யந்திரத்தோடு இறங்கிவிட்டாராம். மேலே ஏறி வரும்போது ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. பொத்தானை அழுத்தியிருக்கிறார். வலப்பக்கம். அது வேறு வாயு. இன்னும் குறைந்திருக்கிறது. இன்னும் அழுத்தியிருக்கிறார்.

உடலை வெளியே தூக்கும்போதும் விரல் பொத்தான் மேலேயே இருந்ததாம்.

இருந்தது.

தூக்கியவன் அவன்தான்.

“யாரோ ஒரு மேதாவி சொல்லியிருக்கான் சார், உனக்கெதுக்கு கிளாஸுன்னு.”

அவன் தலையாட்டினான். வாயில் குழாய் இருந்தால் அதைத்தான் செய்ய முடியும்.

மேதாவி சொன்னது அப்படியே அது இல்லை. அவனோடு கடற்பசு எண்ணிக்கொண்டிருந்த டெல்வினுக்குத்தான் முதல் புது யந்திரம் வந்திருந்தது. டீக்கடையில் நின்று வகுப்புக்குப் பதிவு செய்யப் போனை எடுத்தான். மேதாவி வடையைப் பிட்டுக்கொண்டே கேட்டான், முந்நூறு மணி நேரம் முங்கினவனுக்கு என்னல கிளாஸு என்று.

டெல்வின் சிரித்தான். போனைப் பைக்குள் போட்டான். பாதி வடையைப் பிடுங்கித் தின்றான்.

விசாரணையில் அவனைக் கேட்டார்கள். யந்திரக் கோளாறாக இருக்கும் என்றான். யந்திரத்தைப் பிரித்துப் பார்த்து அதன்மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். யந்திரத்துக்கு நிம்மதி. அதற்குமேல் அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வடையைப் பற்றி அவனும் சொல்லவில்லை.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

மூச்சு வேகமெடுத்தது.

மெதுவாக்கப் பார்த்தான். கேட்கவில்லை. லீவில் இருந்த கட்டைவிரல் தானாக எழுந்து வலப்பக்கம் போனது.

ஜெனிட்டா முன்னால் சாய்ந்தாள். நிறுத்தச் சொன்னாள்.

குழாயின் வாயை மூடினான். பிறகு எடுத்தான். மூடாமல் எடுக்கக் கூடாது, அதுவும் விதி.

முகமெல்லாம் சிவந்துவிட்டது என்றாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

ஓட்டல் சமையலறையில் யாரோ பாத்திரத்தைப் போட்டார்கள்.

வாய் காலியாக இருந்தது.

“சுண்ணாம்பு பழசா இருக்கும்மா,” என்றான்.

அவள் வடிகட்டியைக் கழற்றினாள். குப்பைத் தொட்டிக்கு மேலே கவிழ்த்தாள். காலையில்தான் புது டின் உடைத்து, அவனே தட்டித் தட்டி நிரப்பியது. தீர்ந்துபோன சுண்ணாம்பு ஊதாவாகிவிடும் என்று பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி வெள்ளை வெளேரென்று கொட்டியது.

இரண்டு பேரும் பார்த்தார்கள்.

அவளே புதுச் சுண்ணாம்பு நிரப்பினாள். பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே ‘கோளாறு’ என்று எழுதினாள். காரணம் எழுதப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தாள். அப்புறம் பேனாவை மூடிவிட்டாள்.

மறுபடி கிளிப். மறுபடி குழாய். அவன் கடித்துக்கொண்டதும் செல்போனைத் தட்டினாள். ஐந்து நிமிடம் ஓடத் தொடங்கியது.

பத்து விநாடி போனது.

“அந்த மேதாவிய உங்களுக்குத் தெரியுமா சார்?”

பதில் சொல்ல அவனுக்கு இன்னும் நான்கு நிமிடம் ஐம்பது விநாடி இருந்தது.