ஒட்டும் விசைகள்

பல்லி என்று வந்தது.

அழித்தாள். மறுபடி அடித்தாள்.

பல்லி.

அவளுக்குப் பள்ளி வேண்டும். அதற்கு ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்னொரு விசையைத் தட்ட வேண்டும். இரண்டு கை வேலை. ஒற்றைக் கையை விரித்து எட்டினால் நடுவில் வேறெதிலாவது விரல் பட்டுவிடுகிறது.

ள இல்லை. ண இல்லை. ற இல்லை.

தமயந்தி புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். மற்றவர்கள் கோட்டை விட்ட ளகரத்தையும் றகரத்தையும் தேடிப் பிடித்துப் போடுவதுதான் பிழைப்பு.

கணினியை அணைக்காமலே எழுந்தாள். மாத்திரை மயக்கத்தில் கண் செருகியது. கட்டிலில் படுத்து, வலது கையை இடது கையால் தூக்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப்போன பொருளைப்போல.

கணவன் நாச்சிமுத்து மில் வேலை முடிந்து வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். திரையில் அந்த ஒரு சொல் மட்டும் நின்றது.

ல விசையை ஷிப்டோடு சேர்த்து அமுக்கினால்தான் ள வரும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவனுக்குப் புரிந்தது.

வண்டியை ஓட்டியது அவன். வளைவில் மணல் கிடந்தது. அவனுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு வலது தோளில் கைக்குப் போகிற நரம்பு அறுந்துபோனது.

அதைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.

தினமும் அவளைக் கைக்கான பயிற்சிக்குக் கூட்டிப்போகிறான். திரும்பி வரும்போதெல்லாம் சொல்கிறான், சரியாயிரும் என்று. பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டாலும் அதையே சொல்கிறான். கை சரியானதும் சொல்லுங்கள், வேலை அனுப்புகிறோம் என்கிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தான். அவளுடைய கணினியை அவன் தொட்டதேயில்லை. அதில் ஓடுவது லினக்ஸ். யார் யாரோ சேர்ந்து எழுதி எல்லோருக்கும் பொதுவில் விட்டது என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். அதில் எல்லாமே தமிழில் இருக்கும். அந்தத் துணிச்சலில்தான் உட்கார்ந்தான்.

‘அமைப்புகள்’ என்பதைத் திறந்தான். ஒவ்வொன்றாக வாசித்தான்.

எதையோ தட்டியதில் எழுத்தெல்லாம் பெரிதாகி வீங்கியது. இன்னொன்றில் திரை கறுத்துப்போனது. பிறகு ஏதோ ஒரு மூலை மட்டும் பூதாகரமாக வந்து நின்றது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வெளியே வர வழியில்லை. திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவன்போலத் திணறினான். சட்டை முதுகோடு ஒட்டியது.

அவளைத் திரும்பிப் பார்த்தான். தூக்கம் கலையவில்லை.

எப்படியோ வெளியே வந்தான். எழுத்து மட்டும் பெரிதாகவே நின்றுவிட்டது.

பட்டியலில் இன்னும் கீழே போனான்.

ஒட்டும் விசைகள்.

பிசுக்கு ஏறிய விசைகளுக்கு ஏதோ வைத்தியம் என்று நினைத்தான். தாண்டிப் போகப் பார்த்தவன் அடியிலிருந்த சின்ன வரியை வாசித்தான்.

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவதற்குப் பதிலாக, ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம்.

திரும்ப வாசித்தான். உதடு அசைய வாசித்தான்.

அதைத் தட்டிவிட்டு, அவள் அடித்து வைத்திருந்த பக்கத்துக்குப் போனான். ஷிப்டை அழுத்தினான். விட்டான். கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூச்சு காத்தான். பிறகு ஒரே விரலால் அந்த எழுத்தைத் தட்டினான்.

ள்.

இப்படி ஒருத்திக்கு இது தேவைப்படும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அதை இவனுக்குப் புரிகிற மாதிரி இன்னொருவர் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் யாரென்று தெரியவில்லை.

“ஏனுங்க, என்னத்தைத் தொட்டீங்க?”

எழுந்து வந்து பின்னால் நின்றிருந்தாள்.

“எழுத்தெல்லாம் ஏன் இப்பிடி வீங்கிக் கெடக்குது?”

“அது… கை தவறிப் போச்சு. நீ ஒக்காரு. ஷிப்ட அமுக்கி உட்டுப்போடு. அப்பறமா எழுத்த அமுக்கு.”

“விட்டுட்டா எப்பிடி வரும்?”

“உட்டுப்போட்டே அமுக்கு. வருது.”

உட்கார்ந்தாள். அழுத்தினாள். விட்டாள்.

பள்ளி.

கிணறு என்று அடித்தாள். வெள்ளாடு. கறுப்பு. அர்த்தமே இல்லாமல் கண்ணாடி, முற்றம், பிள்ளை. நிறுத்தவே இல்லை.

அவன் டீ போடப் போனான். அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தான். விட்டு விட்டு, மெல்ல, விசைகளின் சத்தம்.

டீ ஆறிப்போகும்வரை சத்தம் ஓயவில்லை. பிறகு கூப்பிட்டாள்.

“பிழை ஏதாச்சும் இருக்குதான்னு பாருங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் அவள் அப்படிக் கேட்டதில்லை. அவன் எழுதுகிற விலாசத்தையே திருத்துகிறவள்.

குனிந்து வாசித்தான். பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல்.

‘ஐயா, என் வலது கை இனி வராது. ஒற்றைக் கையால் வேலை செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் தாமதமாகும். ஆனால் ஒழுங்காகச் செய்து தருவேன். பக்கங்களை அனுப்புங்கள்.’

முதல் வரிக்கு மறுபடி போனான். அங்கேயே நின்றான்.

பெரிய எழுத்து. தப்பிக்க முடியவில்லை.

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல,” என்றான்.

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்துட்டேன்.”

அவள் மவுஸை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

அவன் அம்பை ‘அனுப்பு’ என்பதன்மேல் கொண்டுபோனான். வெகுநேரம் கழித்துத்தான் விரல் அமுங்கியது.

“போயிருச்சு,” என்றான்.

“தெரியுமுங்க,” என்றாள் தமயந்தி. “எனக்கு அந்த வளைவுலயே தெரிஞ்சுபோச்சு.”