பட்டியலில் இல்லாத கேள்வி

"'கவனக்குறைவு'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதை எழுத உங்களுக்கு அரை நாளா மேடம்?"

துணைச் செயலாளர் பொறுமை இழந்து கேட்டார். பாதுகாப்பு அமைச்சகத்தில், நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கிற பிரிவு அது. நாளைக் காலை பதினோரு மணிக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் ஆற்றைக் கடக்கும் பயிற்சியில் மூன்று வீரர்கள் மூழ்கி இறந்தார்களே, அது எதனால்? கேட்டிருப்பவர் எதிர்க்கட்சிக்காரர், லேசில் விடுகிற ஆள் இல்லை.

"யாரோட கவனக்குறைவுன்னு போடணும் சார்?" என்றார் பிரிவு அலுவலர் அம்மா.

"இதென்ன கேள்வி? செத்தவங்களோடதுதான். லைஃப் ஜாக்கெட் வாரைச் சரியா மாட்டலைன்னு விசாரணை அறிக்கையே சொல்லுதே."

"செத்தவங்க எழுந்து வந்து மறுத்துப் பேச மாட்டாங்க. நமக்கு வசதிதான்."

துணைச் செயலாளருக்குச் சுருக்கென்றது. அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்த நாற்காலிக்கு வந்தே ஐந்து மாதம்தான் ஆகிறது. இறந்தவர்களில் ஒருவனுடைய தாய் எழுதிய மனுவை அவரும் படித்திருந்தார். 'என் பிள்ளை அவன் தப்பாலேயே செத்தான் என்று தெருவே பேசுகிறது. அதை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.' படித்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்காக அறிக்கையில் இல்லாததை அமைச்சர் வாயில் வைக்க முடியுமா என்ன?

கடைசியில் அந்த அம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். கூடவே துணைக்கேள்விப் பட்டியலும். பதிலைக் கேட்ட பிறகு உறுப்பினர் மேற்கொண்டு என்னென்ன குடைவார் என்று முன்கூட்டியே யூகித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி அமைச்சர் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த வித்தையில் அந்த அம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு கேள்வி தப்பியதில்லை. ஆபீசில் அவருக்கு 'ஜோசியர்' என்றே பெயர்.

"பதினாறு கேள்வியா! அந்த மனுஷன் தூக்கத்துலகூட இத்தனை கேட்க மாட்டாரே!" என்று துணைச் செயலாளர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் துணைச் செயலாளர் அவையின் அதிகாரிகள் மாடத்தில் போய் உட்கார்ந்தார். குடிநீர்க் குழாய், ஆஸ்பத்திரிப் படுக்கை, பாதியில் நிற்கும் பாலம் என்று ஒவ்வோர் அமைச்சராக எழுந்து, எதையோ சொல்லிச் சமாளித்து உட்கார்ந்தார்கள். பாதுகாப்பு அமைச்சரின் முறை வந்தது. எழுதிக் கொடுத்ததைக் கணீரென்று வாசித்தார்.

உறுப்பினர் எழுந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

"விபத்துக்கு நாலு மாசம் முன்னாடி, 'லைஃப் ஜாக்கெட் வாரெல்லாம் இத்துப் போச்சு, உடனே மாத்துங்க'ன்னு பயிற்சி முகாம்லேருந்து உங்க அமைச்சகத்துக்குக் கடிதம் வந்துதா இல்லையா? அதுல 'நடவடிக்கை தேவையில்லை'ன்னு எழுதி மூடி வெச்சது யாரு?"

அமைச்சர் பட்டியலை முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். பதினாறில் அது இல்லை. நிமிர்ந்து மாடத்தைப் பார்த்து முறைத்தார். அப்படியொரு கடிதத்தைத் துணைச் செயலாளர் கண்ணால் கண்டதே இல்லை.

"பேரு இதுல இருக்கு. நான் படிக்க மாட்டேன். நீங்களே விசாரிச்சு இந்த அவைக்குச் சொல்லுங்க" என்றார் உறுப்பினர்.

அவையில் ஒரே கூச்சல். அமைச்சருக்கு வேறு வழியில்லை. "மறுபடியும் விசாரணை நடக்கும். இறந்த வீரர்கள் மேல சொன்ன பழியை இப்பவே வாபஸ் வாங்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

துணைச் செயலாளர் மூச்சிரைக்க ஆபீசுக்குத் திரும்பினார்.

"எந்தப் புண்ணியவான் மேடம் அந்தக் கடிதத்தை வெளியில குடுத்தது? என் கையில மட்டும் மாட்டட்டும்!"

"நான்தான் சார் குடுத்தேன்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"இன்னும் நாலு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. இது தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா! அந்த மூணு பேர்ல யாராவது உங்க சொந்தமா?"

"இல்ல சார். முகம்கூடத் தெரியாது."

"அப்போ ஆபீசுக்குள்ளேயே எழுதிக் குடுத்திருக்கலாமே?"

"உங்களுக்கு முன்னாடி இருந்த சார்கிட்ட ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். 'முடிஞ்சதைக் கிளறாதீங்க'ன்னு திருப்பிக் குடுத்துட்டார். ஃபைலைன்னா பீரோவுல வெச்சுப் பூட்டிடலாம். அமைச்சர் அவையில குடுத்த வாக்கைப் பூட்ட முடியாதே. அதான் அந்த ஒரு கேள்வியைப் பட்டியல்ல சேர்க்காம விட்டேன்."

துணைச் செயலாளருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. "ஓஹோ! அந்தக் கடிதத்தை மூடி வெச்சதே அவர்தானா? தன்னைக் காப்பாத்திக்கத்தான் கிளற வேண்டாம்னாரா?"

"அவர் தன்னைக் காப்பாத்திக்கச் சொல்லல சார்."

அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. இழுப்பறையிலிருந்து நகலை எடுத்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். 'நடவடிக்கை தேவையில்லை' என்ற வரிக்குக் கீழே இருந்தது அந்த அம்மாவின் கையெழுத்து.

"அன்னிக்கு மேசை நிறையக் கடிதம் சார். இதைப் படிக்காமலே அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."