ஆற்றங்கரைப் பாதைக்கு ஒரு சட்டம்

ஆற்றங்கரைப் பாதையில் எல்லோரும் நடந்துதான் போவார்கள். கீரியும் கழுதையும் மட்டும் பேட்டரி சைக்கிள் வைத்திருந்தார்கள். கீரி பறப்பான். கழுதைக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. பாதையின் கடைசியில் நோயாய்க் கிடந்த தங்கையைப் பார்க்க, நடக்கிறவர்களுக்கும் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவாள்.

ஒரு நாள் காலையில் கீரி ஒரு வாத்துக்குஞ்சை இடித்துவிட்டு நிற்காமல் போனான். குஞ்சின் கால் ஒடிந்தது. தாய் வாத்து அழுதுகொண்டே ஊர்க்கூட்டத்துக்குப் போனாள்.

"வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கய்யா."

தலைவர் எருமை அசைபோட்டபடி யோசித்தார். "வேகத்தை யாரு அளக்கிறது? பேட்டரி சைக்கிளே கூடாதுன்னு சட்டம் போட்டுடுவோம்."

"மீறினா யாரு பிடிக்கிறது?" என்றது ஒரு குரல்.

"விரட்டிப் பிடிக்கத் தெரிஞ்சவன்தான்," என்றார் எருமை. கீரியைக் காவலுக்குப் போட்டார்கள். காவலுக்கு வண்டி வேண்டுமே என்று அவன் சைக்கிளை அவனிடமே விட்டார்கள்.

மறுநாள் அவன் மறித்தது கழுதையை.

"நான் எல்லாருக்கும் பின்னாலதானே தம்பி வர்றேன்?"

"சட்டத்துல வேகத்தைப் பத்தி ஒண்ணும் இல்லக்கா. பேட்டரி இருக்குல்ல? இறங்குங்க."

சைக்கிள் பறிபோனது. கழுதை நொண்டி நொண்டி நடந்தாள். உச்சிவெயில் வந்தபோது பாதி தூரம்கூடத் தாண்டியிருக்கவில்லை. குஞ்சுகளோடு எதிரே வந்த வாத்து தலைகுனிந்து நின்றாள்.

"அக்கா, நான் இதைக் கேக்கவே இல்லக்கா."

"தெரியும்டி," என்றாள் கழுதை. "குஞ்சுகளை ஓரமா கூப்பிடு. அவன் திரும்பி வர்றான்."