கேசவன் பாடு

படகு கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏமாந்துவிட்டோம் என்று பிரபாகரன் முடிவு கட்டிவிட்டார்.

போனில் பேசியபோது படகுக்காரன் பால்ராஜ் சொன்னது மூன்று தீவு, ஒரு கடற்கரை, ஆசை தீர நீச்சல். நேரில் வந்தால் அவன் வாயில் 'வேணாம் சார்' தவிர வேறு வார்த்தையே இல்லை.

முதல் தீவில், "எறங்க வேணாம் சார். பறவைங்க முட்ட வெச்சிருக்குது."

அடுத்தது, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம். "இங்க குளிக்க வேணாம் சார். ஆள இஸ்துனு போயிடும்."

"எல்லாம் வேலை செய்யாம இருக்கிறதுக்குச் சாக்கு," என்று மனைவி சத்யாவிடம் முணுமுணுத்தார்.

ஆளை எடைபோடுவதில் பிரபாகரன் கெட்டிக்காரர். அம்பத்தூரில் அவர்களுடைய அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். போன மாதம் யாரோ ஒரு விருந்தாளி, இவருடைய கார் நிற்கும் இடத்தில் ஐந்தே நிமிடம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். அதைச் சங்கிலி போட்டுப் பூட்டி, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுத்தார். ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர்.

அடுத்த தீவைப் பார்த்ததும்தான் முகம் மலர்ந்தது. வெள்ளை மணல், அலையே இல்லாத தண்ணீர். தண்ணீரில் வட்டமாகச் சில குச்சிகளை நட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் படகில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இங்க நிறுத்து."

"இங்கயும் வேணாம் சார். இன்னிக்கு கேசவன் பாடு."

"யார் கேசவன்?"

"தோ, அந்தப் படகுல குந்தினு இருக்காரே, அவருதான்."

"அவர் பாடினா நமக்கென்னப்பா? பாட்டைக் கேட்டுக்கிட்டே குளிக்கிறோம்."

"என்னங்க, பாடுன்னா..." என்று ஆரம்பித்தாள் சத்யா.

"நீ கொஞ்சம் சும்மா இரு. பேசிட்டிருக்கேன்ல."

சத்யா பிறந்து வளர்ந்தது இந்த ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் காட்டூரில். அதையெல்லாம் அவர் ஒரு தகுதியாக எடுத்துக்கொள்வதில்லை.

"அந்தாண்ட திட்டுக்குப் போலாம் சார். மொழங்கால் தண்ணி, பயமே இல்ல," என்றான் பால்ராஜ்.

"முழங்கால் தண்ணியில நீந்த நான் என்ன வாத்தா?"

மிதவைச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தார். குடியிருப்பு நீச்சல் குளத்தில், நாலடி ஆழத்தில் கற்ற வித்தை. கையையும் காலையும் அடித்த அடியில் அந்தப் பக்கத்துத் தண்ணீரே கலங்கிப் போனது. குச்சிகளுக்கு நடுவே போனபோது எதுவோ கணுக்காலைச் சுற்றி இறுக்கியது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. இரண்டு வாய் உப்புத்தண்ணீர் உள்ளே போனது.

கேசவன் கத்தியோடு குதித்தார். வலையை நாலு இடத்தில் அறுத்துக் காலை விடுவித்து, அவரைத் தூக்கி நிறுத்தினார். நின்ற பிறகு பார்த்தால் தண்ணீர் மார்பளவுதான். வலைக்குள் வளைத்து வைத்திருந்த மீனெல்லாம் அறுந்த வழியாக அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வலையை இப்படியா கண்ட இடத்துல போட்டு வைக்கிறது?" என்றார் பிரபாகரன், மூச்சு வந்ததும்.

கேசவன் அறுந்த வலையைக் கையில் தூக்கிப் பார்த்தபடி நின்றார். பால்ராஜ் படகை அவர் அருகே தள்ளிக்கொண்டு வந்தான்.

"தப்பு என்னுதுண்ணே. நாளைக்கு என் பாட்ட நீ எடுத்துக்கோ. என் வலையும் எடுத்துனு போ."

"அப்போ நீ இன்னா பண்ணுவ?"

"அடுத்த சுத்துல பாத்துக்குறேன், வுடு."

பிரபாகரன் படகில் ஏறித் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். "பார்த்தியா சத்யா? ஒரு மனுஷன் முழுக இருந்தான். இவங்களுக்குப் பாட்டுக் கவலை. டிவி போட்டி மாதிரி சுத்து வேற வெச்சிருக்காங்க."

சத்யா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் போனை எடுத்து விமர்சனம் எழுதினார். 'எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்கிற படகுக்காரர். பாட்டு இருக்கிறது என்றார்கள், ஒருவரும் பாடவில்லை. ஒரு நட்சத்திரம்.'

"பிழை இருக்கான்னு பாரு," என்று சத்யாவிடம் நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க. பாடுன்னா பாட்டு இல்ல. எந்த இடத்துல எந்த நாள் யார் வலை போடணும்னு இங்க ஊர்ல முறை வெச்சிருக்காங்க. அதுக்குப் பேர்தான் பாடு. நம்ம கார் நிறுத்துற இடம் மாதிரின்னு வெச்சுக்கங்களேன். நமக்கு அது தினமும் இருக்கு. இவங்களுக்கு இருபது நாளைக்கு ஒருதடவைதான் வரும்."

பிரபாகரன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நீங்க கலைச்சது கேசவனோட நாள். அதுக்கு ஈடா பால்ராஜ் தூக்கிக் குடுத்தது தன்னோட நாள்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சும்மா இருக்கச் சொன்னீங்களே."

பிரபாகரனுக்குக் காது சுட்டது. எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். ஸ்கூட்டரைப் பூட்டிய அந்தச் சங்கிலி ஏனோ நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

கரை வந்தது. இறங்குவதற்குப் பால்ராஜ் கை கொடுத்தான். பிரபாகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

"ஆசையா வந்தீங்க, சரியா நீந்தவே முடியல. மனசுல வெச்சுக்காதீங்க சார். அடுத்த தபா வரசொல்ல ஒரு போன் போடுங்க. என் பாடு வர்ற நாளாப் பாத்து இட்டுனு போறேன். அன்னிக்கு எங்க வேணா குதிங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."