மிஸ் ஓடெட்டின் அட்டை

“ஒரு தடவைகூடவா இல்ல?”

வெர்னன் ஸ்ட்ரவுட் அந்த மருத்துவக் கோப்பை மூன்றாவது முறையாகப் புரட்டினார். தாடியஸ் கிட்ரி, கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் நான்காவது வருடம், சட்டை எண் 52. ‘தலைக்காயங்கள்’ என்று தலைப்பிட்ட பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“கணுக்கால் ஒரு தடவை சுளுக்கிச்சு. அதுவும் குளியலறையில வழுக்கினது,” என்றார் மிஸ் ஓடெட். அடிபட்ட ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சொல்லும்போது தலையை நிமிர்த்தவில்லை, கட்டுப்போடும் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

லூசியானாவில் ஒரு கல்லூரி விடாமல் சுற்றி, யார் பெரிய அணிக்குத் தேறுவான் என்று எழுதிக் கொடுப்பதுதான் வெர்னனின் பிழைப்பு. ஏப்ரலில் பெரிய அணிகள் சுற்றுச் சுற்றாக ஆள் எடுத்து டிவியில் பெயர் கூப்பிடும்போது பையனும் அவன் குடும்பமும் கட்டிப்பிடித்து அழுவார்கள். அந்தப் பெயரை முதலில் எழுதின ஆளை ஒருவரும் நினைப்பதில்லை. வெர்னனை நினைப்பவன் ஒருவன் உண்டு, ராய்ஸ்.

“தலைவலிதானே சார், வரும் போகும்,” என்று கல்லூரி நாளில் சிரித்த அவனை நம்பி, தேறுவான் என்று வெர்னன் கையெழுத்துப் போட்டார். ராய்ஸுக்கு இப்போது முப்பத்தொரு வயது. ஞாயிறு தவறாமல் காலை எட்டு மணிக்கு போன் பண்ணுவான்.

“சார், டீம் பஸ் எத்தனை மணிக்கு? நான் பையோட வாசல்ல நிக்கிறேன்.”

தலையில் அடிமேல் அடி வாங்கி அவன் ஆட்டத்தை விட்டு ஆறு வருடம் ஆகிறது. “இன்னைக்கு மேட்ச் இல்லப்பா. உள்ள போய் உக்காரு,” என்பார் வெர்னன். போன் நம்பரை மாற்றிவிடச் சொல்லி மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவருக்கு மனசு வரவில்லை.

வெளியே மைதானத்தில் இரண்டு ஹெல்மெட்கள் மோதின. மற்ற தேர்வாளர்கள் அந்தச் சத்தத்துக்குப் பேனாவை எடுப்பார்கள், வெர்னன் பேனாவை மூடி வைத்தார். கீழே கிடந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான் 52.

கோச் மெல்வின் கதவில் சாய்ந்து நின்றார். “என்ன வெர்னன் சார், இன்னும் ஃபைலேதானா? ஆட்டக்காரனப் பாக்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?”

“மாப்பிள்ளைன்னா ரெண்டு கேள்வியோட எந்திரிச்சிருப்பேன்.”

“மூணாவது சுத்துலயே பேர் வரும், பாருங்க. அவங்கம்மா இறால் உரிச்சு உரிச்சு விரலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும்.”

கோச் போனதும் வெர்னன் குரலைத் தணித்தார். “மிஸ் ஓடெட், தலையில அடிபட்டவனுக்கு ஞாபகம் சரியா இருக்கான்னு பாக்க ஒரு அட்டை வெச்சிருப்பீங்களே, அதக் குடுங்க.”

“எதுக்கு சார்? அதான் பக்கம் வெள்ளையா இருக்கே.”

“என் நிம்மதிக்கு.”

அவர் நாடாவைக் கீழே வைத்தார். பிறகு மருந்துப் பெட்டியின் அடியிலிருந்து, ஓரமெல்லாம் நைந்த அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இங்க இருக்கறது இந்த ஒரு அட்டைதான். பன்னெண்டு வருஷமா இதே அஞ்சு வார்த்தை. பத்திரம் சார். அடிபட்டு வர்றவனுக்கு மட்டும்தான் இத வாசிப்பேன். முன்னாடியே தெரிஞ்சா மனப்பாடம் பண்ணிட்டு வந்து நிப்பானுங்க.”

பயிற்சி முடிந்து தாடியஸ் வந்தான். தோளில் ஐஸ் பையைக் கட்டியிருந்தான். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான்.

“போன மாசம் நீல டை கட்டிட்டு வந்தீங்க சார். மூணாவது வரிசையில உக்காந்து வேர்க்கடலை தின்னீங்க.”

வெர்னனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆட்டத்தப் பாத்தியா, என்னப் பாத்தியா?”

“ரெண்டும் சார். உங்க கையிலதான எங்கம்மாவோட விரல் இருக்கு.”

நல்ல பையன். போன மாத ஆட்டங்களை அவர் கிளறக் கிளற, எந்த நிமிடத்தில் யாரை எங்கே மடக்கினான் என்று மளமளவென்று சொன்னான். ராய்ஸ் அந்த வயதிலேயே ஹோட்டல் அறை எண்ணை உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொள்வான். இந்தத் தடவை தப்பு நடக்கவில்லை என்று வெர்னனுக்கு நெஞ்சு லேசானது. அறிக்கையில் ‘தகுதி உண்டு’ என்று எழுதி முடித்தார், கையெழுத்துதான் பாக்கி.

“கடைசியா ஒண்ணே ஒண்ணு. சும்மா சம்பிரதாயத்துக்கு. அஞ்சு வார்த்தை வாசிப்பேன், அப்படியே திருப்பிச் சொல்லணும். சரியா?”

தாடியஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். எப்படியாவது தேறிவிட வேண்டும் என்ற ஆசை முகமெல்லாம் தெரிந்தது. அட்டையைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, வெர்னன் மூக்குக்கண்ணாடியைத் தேடி ஒவ்வொரு பையாகத் துழாவினார். பெரியவர் சிரமப்படுவது பையனுக்குப் பொறுக்கவில்லை.

“கண்ணாடி எதுக்கு சார்? விரல், எலுமிச்சை, கம்பளம், வாளி, மணி... சரிதானே?”